பெரிய வண்டிக்குச் சாதாரண ஷாக் போதாதா?

கவிதையும் கட்டுரையும் விழாச் செய்திகளும் வரும் இந்தப் பக்கங்களில் பட்டறைச் சங்கதி ஒன்றை நுழைப்பதற்கு ஆசிரியர் குழுவினர் பொறுத்தருள வேண்டும். எனக்கு ஒரு சாக்கு உண்டு. மாதக் கூட்டத்தன்று நம் சங்க வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஸ்கூட்டர்கள் நின்ற இடத்தில் இன்று ஏழு பேர் ஏறும் எஸ்.யு.வி.க்கள் நிற்கின்றன. அவற்றில் பல இரண்டாம் கையாக வாங்கப்பட்டவை என்பதும் நமக்குள் ரகசியமல்ல. பத்து வயதான வெளிநாட்டுப் பெருவண்டி, புதியதன் விலையில் கால்பங்குக்கும் கிடைக்கும். உதிரிப்பாகத்தின் விலை மட்டும் கால்பங்காகக் குறைவதில்லை. வாங்கும்போது இதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார்.

உத்தரவாதக் காலம் கடந்த இத்தகைய வண்டியில் கணினி கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன் கெட்டுப்போனால், அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் அப்ஸார்பர் போட்டுக்கொள்வதில் தவறில்லை என்பது என் கட்சி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "கோடி ரூபாய் வண்டியை லாரி ஆக்கச் சொல்கிறீர்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியபின் அந்த ஸ்பிரிங் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இராதபடி அடக்குவதுதான் ஷாக். ஒரு குழலுக்குள் எண்ணெய், எண்ணெயில் நகரும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் அவற்றை மூடும் மெல்லிய தகடுகளும். சாதாரண ஷாக்கில் இருப்பது இவ்வளவுதான். இதிலுள்ள சங்கடம் என்னவென்றால், அது ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்களை அடக்க வேண்டும். வண்டியின் உடல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மெதுவாக ஆடும். சக்கரமோ விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துடிக்கும். உடலை அடக்கக் கெட்டியான ஷாக் வேண்டும். சின்னச் சின்ன அதிர்ச்சிகள் இடுப்புக்கு ஏறாமலிருக்க இளகிய ஷாக் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பொறியாளர் ஓரிடத்தைத் தேர்ந்து நிறுத்திவிடுகிறார்.

நிறுத்தாமல் ஓடும்போதே மாற்றிக்கொண்டால் என்ன என்று பிறந்ததுதான் மின்னணு முறை. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1983-லேயே தன் சோரர் காரில் கெட்டித்தன்மையை மாற்றிக்கொள்ளும் ஷாக்குகளைக் கொடுத்தது. அதைவிட அழகானது காந்த எண்ணெய். மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த திரவம் அது; காந்தப்புலம் பட்டால் கண நேரத்தில் கூழாக இறுகும், புலம் நீங்கினால் மறுபடி நீராக ஓடும். ஜேக்கப் ரபினோ என்பவர் 1940-களில் அமெரிக்க அரசின் தர அளவைக் கூடத்தில் கண்டுபிடித்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் 2002-ல் கெடிலாக் செவில் காரில் ஷாக்குக்குள் புகுந்தது. பிஸ்டனில் ஒரு மின்சுருள். சக்கரத்தின் அசைவைப் பார்க்கும் சென்சார்கள் சொல்ல, கணினி அந்தச் சுருளுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. விநாடிக்கு ஆயிரம் தரம் வரை மாற்ற வல்லது என்கிறார்கள். பின்னர் எஸ்கலேட் போன்ற மாபெரும் வண்டிகளுக்கும் இது வந்தது. இதை வடிவமைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இரண்டரை டன் வண்டி வளைவில் சாயாமலும் குழியில் குதிக்காமலும் போவது சாதாரண விஷயமல்ல.

நிற்க. அந்த எஸ்கலேட், டாஹோ, யூகான் ஓடும் அமெரிக்காவிலேயே, பழுதான மின்னணு ஷாக்கை எடுத்துவிட்டுச் சாதாரண ஷாக் போடுவது இன்று ஒரு தனி வியாபாரம். நான்கு ஷாக்குகளும் வேண்டிய இணைப்புகளும் ஒரே பெட்டியில் தொகுப்பாகவே விற்கின்றன. பணக்கார நாட்டில் செய்தால் சிக்கனம், நாம் செய்தால் கஞ்சத்தனமா?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளையின் வண்டி ஒன்பது வயதான ஐரோப்பியப் பெருவண்டி. பெட்ரோல் வண்டி, எஞ்சின் குறையொன்றுமில்லாதது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெங்களூரின் வேகத்தடைகளையும் மழைக்காலக் குழிகளையும் பொறுத்துப் பொறுத்து, இடது முன்பக்க ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பாதுகாப்புக்காகக் கணினி மற்ற மூன்றையும் கெட்டியாக்கிவிட்டது. ஓசூர் தாண்டுவதற்குள் என் சம்பந்தியம்மாள் "ஆட்டோவிலேயே போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அங்கீகாரம் பெற்ற ஒர்க் ஷாப்பில், முன்பக்கம் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அது நியாயமான பேச்சு, நானும் அதையே சொல்வேன். விலையைச் சொன்னபோதுதான் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அந்தத் தொகைக்கு நடமாடும் நிலையில் ஒரு பழைய மாருதி வாங்கிவிடலாம். அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம். பின்பக்கம் இரண்டும் இன்னும் எத்தனை நாளோ என்பதற்கும் பதிலில்லை. உள்ளே கெட்டது வெறும் ரப்பர் சீல்தானே, அதை மட்டும் மாற்றித் தரலாகாதா என்று கேட்டேன். அப்படி ஒரு பாகமே பட்டியலில் இல்லை என்றார்கள்.

ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகரிலும் விசாரித்ததில், வழி காட்டியவர் முப்பது வருடமாகப் பட்டறை நடத்தும் ஒரு பாய். "சார், இதே வண்டியில கீழ் மாடல் வெளிநாட்டுல சாதா ஷாக்கோடதானே வித்தாங்க? கம்பெனியே போட்ட ஷாக் இருக்கும்போது நாம ஏன் புதுசா கண்டுபிடிக்கணும்?" என்றார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமானதாயிருந்தது. ஒரே சட்டகம், ஏறக்குறைய ஒரே எடை. விலை குறைந்த வகைக்கு அதே நிறுவனம் சாதாரண ஷாக்கைப் பொருத்தி, சோதித்து, சாலைக்கு அனுப்பியிருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வது எப்படி மட்டமான வேலையாகும்? அந்த வகைக்குரிய நான்கு ஷாக்குகளும் மேல் மவுண்டுகளும் அதற்கு ஒத்த ஸ்பிரிங்குகளும் வரவழைத்து, வீல் அலைன்மென்ட் வரை முடித்த மொத்தச் செலவு, முன்பக்க இரண்டுக்கு மட்டும் சொன்ன தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே.

வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால் பொய். நைஸ் ரோட்டில் வேகமாக வளையும்போது வண்டி முன்னைவிடச் சற்றுச் சாய்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் மூக்குத் தாழ்வது தெரிகிறது. ஓட்டுகிறவர் இதை அறிந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் குழிகளில் மட்டும் எனக்கு இதுவே மேலாகப்படுகிறது. இது என் இடுப்பின் சாட்சி, அளவுகருவியின் சாட்சியல்ல.

எல்லா வண்டிக்கும் இதே மருந்து என்று நான் சொல்லவில்லை. சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையும் கம்ப்ரெசரும் இருக்கும். பின்னால் எத்தனை பாரம் ஏற்றினாலும் அது மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும். அங்கே ஷாக்கை மட்டும் மாற்றி நிறுத்த முடியாது, தகுந்த இரும்பு ஸ்பிரிங்கும் சேர வேண்டும். பிழையான ஸ்பிரிங் போட்டால் ஏழு பேர் ஏறியவுடன் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வேறு சிலவற்றில் சஸ்பென்ஷன் கணினி, வண்டி சறுக்காமல் காக்கும் கணினியோடு பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சு அறுந்தால் என்ன நடக்கும் என்று அந்த மாதிரி வண்டியை அறிந்தவரைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. உத்தரவாதம் மிச்சமிருக்கும் வண்டி என்றால் இந்தக் கட்டுரையையே மறந்துவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை பெரிய விவகாரம் ஷாக்கில் இல்லை, விளக்கில் இருக்கிறது. மின்னணு ஷாக்கைக் கழற்றியதும் கணினி அதைத் தேடும், காணாமல் எச்சரிக்கை விளக்கைப் போடும். ஒயரின் முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகினால், மின்சுருள் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கணினி நம்பிவிடும். விளக்கும் அணைந்துவிடும். அமெரிக்கத் தொகுப்புகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. சொந்த வண்டி, தெரிந்து செய்கிறோம் என்றால் குற்றமாகாது. ஆனால் அதே வண்டியை அடுத்த வருடம் "அடாப்டிவ் சஸ்பென்ஷன் உண்டு" என்று விளம்பரம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாகப் போகிறார். இது அப்பட்டமான ஏமாற்று. ஆகவே நாங்கள் ரெசிஸ்டர் வைக்கவில்லை. அந்த உறுப்பு இவ்வண்டியில் இல்லை என்று கணினியிலேயே பதிய வைத்தோம். அந்த மாதிரி வண்டியில் அது முடிந்தது. முடியாத வண்டியில் ரெசிஸ்டர்தான் கதி என்றால், செய்ததை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் தருமா என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. எஞ்சின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, எடை, நிறம் இவையெல்லாம் சான்றிதழில் உண்டு. ஷாக்கின் வகை அதில் இல்லை. எனவே தடையில்லை என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் அல்ல. அதனால்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு, இன்ன பாகம் இன்ன தேதியில் மாற்றப்பட்டது என்று கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினோம். அரை மணி நேர வேலை.

நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உதிரிப்பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் பூட்டி வைத்ததற்காக, போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவை மேல்முறையீட்டுக்குப் போயின. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தபோது, அதன் பட்டியலில் மோட்டார் வாகனங்களும் இருந்தன. இத்தனைக்கும் பிறகு ஒரு ரப்பர் சீல் தனியாகக் கிடைக்கவில்லை. சீலையும் வால்வையும் தனியே விற்கட்டும். இல்லையென்றால், "இந்த வண்டிக்கு இந்தச் சாதாரண ஷாக் பொருந்தும்" என்று தாங்களே எழுத்தில் கொடுத்து, கணினியில் பதியும் வசதியை எந்தப் பட்டறைக்கும் திறந்துவிடட்டும். இரண்டில் ஒன்று கேட்பது அதிகமில்லை. எஞ்சின் நன்றாயிருக்கும் வண்டி ஒரு ஷாக்குக்காக உடைப்புக் கடைக்குப் போவது எந்தக் கணக்கிலும் சேராது.

சங்கத்தில் இதே தொல்லையில் இருப்பவர்கள் பில்லையும் கடிதத்தின் நகலையும் என்னிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கசியாத மூன்று பழைய ஷாக்குகள் மாப்பிள்ளை வீட்டு மாடிப்படிக்குக் கீழே துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. என்றைக்காவது வண்டியை விற்றால், வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி அவற்றையும் பில்லையும் கூடவே ஏற்றி அனுப்புவதாகப் பேச்சு.