வீடும் வீதியும்

வயோதிகர் ஒருவரை நோக்கி, "உமது வீடு உமக்குத் திருப்திதானா?" என்று கேட்டால், சுவரையும் கூரையையும் மட்டும் எண்ணி அவர் விடை சொல்வார் என்று கருதுவது தவறு. கிணற்று நீர், திண்ணையில் வீசும் காற்று, தடுக்கி விழாமல் நடக்கத்தக்க தெரு, சாயங்காலம் பேச வரும் அண்டை வீட்டார் ஆகிய யாவும் கூடியதே அவருக்கு வீடு. தேகபலம் குன்றக் குன்ற மனிதன்மீது சூழ்நிலையின் ஆதிக்கம் மிகும் என்று பாவல் லாட்டன் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1968-ம் வருஷத்தில் எழுதினார். நமது பாட்டிமார் இதை அவரிடம் கற்க வேண்டியதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய தோல் ஊர்களில் இவ்வுண்மை கண்கூடு. காலையில் மகனும் மருமகளும் பாதரட்சைத் தொழிற்சாலைக்குப் போய்விடுகின்றனர். பகல் முழுதும் தெருவோடு இருப்பவர்கள் கிழவர்களே. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. பச்சைத் தோல் கெடாதிருக்க இட்ட உப்பு முதற் கழுவலிலேயே அந்நீரில் இறங்க, குரோமியமும் பிற ரசாயனங்களும் பின்தொடர்கின்றன. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிநீர் மொண்ட கைகள் இன்று தண்ணீர் லாரிக்குக் குடத்தை ஏந்தி நிற்கின்றன.

இதற்கு நியாயம் கேட்டு வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் 1991-ல் ஸுப்ரீம் கோர்ட்டை அடைந்தனர். தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம், பகுதியாகவோ முழுதுமாகவோ, சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற மதிப்பீடு கோர்ட்டின் முன் வந்தது. மாசு செய்தவனே கிரயம் செலுத்த வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பாயிற்று. 2001-ல் நஷ்டஈடு நிர்ணயமாயிற்று. அந்தப் பாக்கியைத் தீர்க்கும்படி 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டார் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது! கோர்ட்டு விவகாரத்தில் தாமதம் சகஜம் என்பதை அத்தொழில் அறிந்த நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், வழக்குத் தொடுத்த வருஷத்தில் அறுபது வயதாயிருந்தவருக்கு இவ்வுத்தரவின்போது வயது 94. எத்தனை பேர் உயிரோடிருந்து அதைக் கேட்டனர்?

தோல் தொழில் ஒழிய வேண்டுமென்பது நமது கட்சியன்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவதும், தேசத்திற்கு அந்நியச் செலாவணி ஈட்டுவதும் அத்தொழிலே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அயல்நாட்டார் கால் நோகாமல் நடப்பதற்கு ஆம்பூர்க் கிழவி கிணற்றை இழக்க வேண்டும் என்பது எந்த வியாபார தர்மம்?

நிலம் பாழானவர் சர்வே எண்ணைக் காட்டி நஷ்டத்தை நிரூபிக்கலாம். வீட்டுக் கிணறு உவர்த்துப்போன விதவை எதைக் காட்டுவாள்? அவளைக் கேட்டால், "வீட்டுக்கு என்ன குறைச்சல்?" என்றுகூடச் சொல்லிவிடுவாள். அவ் வார்த்தையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. அது பழக்கத்தின் வார்த்தை; நாற்பது வருஷம் கூட வாழ்ந்த அடுத்த வீட்டாரை விட்டுப் பிரிய மனமில்லாமையின் வார்த்தை. ஆகையால் ஊருக்கு வெளியே புதுக் காலனி கட்டிக் குடியேற்றுகிறோம் என்று யாரேனும் கிளம்பினால் அதை நாம் பலமாக எதிர்ப்போம். நல்ல சுவரைக் கொடுத்து, இருக்கும் ஒரே துணையைப் பறிப்பது உபகாரமாகாது. நல்ல நீரும் சுத்தமான சாக்கடையும் அவர்கள் இருக்கும் தெருவுக்கே வந்து சேர வேண்டும். அதன் செலவு, 1996-ம் வருஷத்துத் தீர்ப்பின் நியாயப்படியே, மாசு செய்தவர் தலையில் விழ வேண்டும்.

ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட் நீதிபதியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கும்படி 2025-ம் வருஷத்து உத்தரவு கூறுகிறது. கமிட்டியார் கலெக்டர் ஆபீஸ் தஸ்தாவேஜுகளோடு நின்றுவிடாமல், ஒரு நாள் பிற்பகல் பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, அவ்வீட்டுக் கிணற்று நீரை ஒரு வாய் விட்டுப் பார்த்தபின் கணக்கெழுதட்டும்.