பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய்?

செக்கைப் பார்த்து வளர்ந்த நம் திருத்தணிக்காரர்களுக்குத் தெரியும்: எவ்வளவு ஆட்டினாலும் பிண்ணாக்கில் எண்ணெய் தங்கும். பூமிக்கடியில் எண்ணெய்ப் பாறையும் அப்படித்தான்.

குஜராத்தில் பரூச் பக்கம் காந்தார் வயலில், கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவைச் செலுத்தி அந்த மிச்சத்தை எடுக்க ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் 2019-ல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. நல்ல யோசனைதான். ஆனால் மிச்சம் எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டாமா?

அளக்க வழி உண்டு. எத்தில் அசிடேட்டை நீரில் கலந்து கிணற்றில் இறக்கிச் சில நாள் மூடி வைப்பார்கள். கொஞ்சம் எத்தனாலாக மாறும். திரும்ப இறைக்கும்போது எத்தனால் நீரோடு முந்தி வரும். அசிடேட் எண்ணெயில் கரைந்து பிந்தும். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு எண்ணெய் உள்ளே இருக்கிறது. (எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது!)

வாயு போனபின் நீரில் அமிலம் ஏறும், எண்ணெய் உப்பும், கணக்கு குழம்பும். அதனால் செலுத்துவதற்கு முன்பே அளந்து, அந்த அளவை வெளியிட வேண்டும். போவது பொதுப்பணம். முந்தைய அளவு இல்லாவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு பீப்பாயையும் வாயுவின் பேரிலேயே எழுதிக்கொள்ளலாம்; யார் கேட்பார்கள்?