எதன் மேல் சதவீதம்?



2025 செப்டம்பர் 22-ஆம் தேதி காலையை நம்மில் யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டோம். பற்பசை, சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் இவற்றின் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த நாள் அது. மணலி புதுநகரில் உள்ள நம் கடையில் ஊதுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் வாடிக்கையான ஓர் அம்மா மகளுடன் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, பதிமூணு சதவீதம் வரி குறைஞ்சிடுச்சுன்னு டி.வி.யில சொன்னாங்க. நூறு ரூபா பேஸ்ட்டு எண்பத்தேழுதானே வரணும்? நீங்க எண்பத்தொம்பதுங்கறீங்களே?”

விநியோகஸ்தர் கொடுத்த புதிய பட்டியலில் 89 என்றுதான் இருந்தது. ஏன் 89 என்பது நமக்கும் தெரியாது. “கம்பெனிக்காரன் போட்டதும்மா, நாம என்ன செய்யறது?” என்றோம். அந்த அம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு ரூபாய்க்காக இத்தனை வருட நம்பிக்கை போகிறதே என்று நமக்கும் சங்கடம்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பில் போடும் பேனாவை எடுத்து, கிழித்துப் போட்டிருந்த பிஸ்கட் அட்டைப்பெட்டியின் மேல் எழுத ஆரம்பித்தாள். “நூறு ரூபாயில பதினெட்டு ரூபா வரி இல்லம்மா. வரி சேராத விலை மேலதான் பதினெட்டு. வெறும் விலை நூறா இருந்தா, வரியோட நூத்திப் பதினெட்டு ஆகியிருக்கும்” என்றாள். 100-ஐ 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 84 ரூபாய் 75 காசு. அதன் மேல் 5 சதவீதம் 4 ரூபாய் 24 காசு. இரண்டும் சேர்ந்தால் 89-க்கு ஒரு காசோ இரண்டு காசோ குறைவு. அம்மா அட்டையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், 89 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தைந்து வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். பத்து சாமான்களின் விலையை வாயாலேயே கூட்டிச் சொல்லி விடுவோம். ஆனால் ‘எதன் மேல் சதவீதம்?’ என்று அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று அன்றிரவு கடை அடைத்த பிறகு எண்ணிப் பார்த்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயத்தில் பிளாஸ்டிக் சாமான்கள் எடுத்துப் போட்டோம். 80 ரூபாய்க்கு வாங்கியதற்கு 100 ரூபாய் விலை. லாபம் 25 சதவீதம். பண்டிகைக் காலமாயிற்றே என்று ‘20 சதவீதத் தள்ளுபடி’ என்று எழுதி வைத்தோம். இருபத்தைந்தில் இருபது போனால் ஐந்து நிற்கும் என்பது நம் கணக்கு. கூட்டம் அலைமோதியது. 25 சதவீதம் என்பது வாங்கிய 80-இன் மேல். தள்ளுபடியான 20 சதவீதம் விற்கும் 100-இன் மேல். இரண்டும் அதே இருபது ரூபாய்தான். 80-க்கு வாங்கி 80-க்கே விற்று, பையன் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் கைப்பணத்திலிருந்து கொடுத்தோம். அந்த வருடம் வியாபாரம் ஏன் கையைக் கடித்தது என்பதற்குக் கண்திருஷ்டி வரை காரணம் தேடினோமே தவிர, காரணம் நம் கையெழுத்திலேயே கடை வாசலில் தொங்கியது தெரியவில்லை.

காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்கள் இன்னொன்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர் இத்திட்டத்தில் சேர்ந்தால், வியாபாரிக்கு வரி ஒரு சதவீதம்தான் என்று கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. அந்த ஒரு சதவீதம் விற்பனையின் மேல். லாபத்தின் மேல் அல்ல. 100 ரூபாய்க்கு வாங்கிய சர்க்கரையை 103-க்கு விற்றால் வரி 1 ரூபாய் 3 காசு. வாடிக்கையாளரிடம் அதைத் தனியாக வாங்கவும் கூடாது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே மூன்று ரூபாய் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதே ஒரு சதவீதம், நூற்றுக்கு இருபது நிற்கும் பொருளில் கண்ணுக்கே தெரியாது. எந்தச் சரக்கை எவ்வளவு வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் கடைக்காரர். ஆடிட்டர் வருடத்துக்கு நாலு முறை பார்க்கும் தாளில் அது தெரியப்போவதில்லை.

நம் முன்னோர் கணக்கில் சளைத்தவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்களுக்குக் கால், அரைக்கால், மாகாணி என்பதெல்லாம் நாக்கு நுனியில். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அதையும் பெருக்கிச் சொல்வார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணா என்பது ரூபாயில் மாகாணி. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று இறங்கும் முறை அது. தராசுக்காரனுக்கு இதைவிட வசதி கிடையாது. கல்லே இல்லாமல் இரண்டு தட்டிலும் சமமாகப் பிரித்துக்கொண்டே போகலாம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. நூறைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு வந்தால் 50, 25, பிறகு பன்னிரண்டரை, அதன் பிறகு ஆறேகால். அணாவுக்கு ஆறேகால் பைசா என்றால் கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசாங்கம் அட்டவணை போட்டது. ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நாலு தடவை வாங்கினால் 24 பைசா, ஒரே தடவையில் வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவை யாருக்கு விடுவது என்பதில் எத்தனை கடைகளில் எத்தனை வாய்ச்சண்டை நடந்திருக்கும்! அது ஓய்வதற்குள் 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் வந்தது. வீசைக் கணக்கில் ஊறியவர்கள், ஒரு வீசை ஏறத்தாழ ஒரு கிலோ நானூறு கிராம் என்று வைத்து விலையை மாற்றி எழுதக் கற்றார்கள். எண்சுவடி படித்த கிழவர்கள் ஐம்பது வயதுக்கு மேல் கற்றார்கள். கற்காதவர்கள் கடையைப் பையனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

நாமும் ஒன்றும் கற்காமல் இருந்துவிடவில்லை. நம் பகுதியில் தொழிற்சாலைக்கும் கண்டெய்னர் கிடங்குகளுக்கும் வேலைக்கு வரும் பீகார், ஒடிசா பிள்ளைகள் கடுகெண்ணெய் கேட்டு வந்தபோது அவர்கள் கணக்கைக் கற்றோம். பாவ் என்றால் கால், ஆதா என்றால் அரை. ஒன்றேகாலுக்கு சவா, ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி. நம் ‘முக்கால், ஒன்றேகால்’ போல அவர்களுக்கும் கால் கணக்குக்குத் தனித்தனிப் பெயர் இருப்பதைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. வியாபாரம் வேண்டுமென்றால் நமக்கு எந்த வயதிலும் பாடம் ஏறுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்பதற்குத்தான் கூச்சம்.

இந்த இடத்தில் துறைமுகக் குமாஸ்தா ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வில் தோற்ற பிள்ளை. காகிதம் வாங்க வசதியின்றிப் பலகையில் எழுதி முழங்கையால் அழித்தவர். துறைமுகத்தில் சரக்குப் பொதி சுற்றி வந்த காகிதத்தைக்கூடக் கணக்குப் போடத் தேடி எடுத்தார் என்பார்கள். பிஸ்கட் அட்டையில் கணக்குப் பார்த்த நமக்கு இதைப் படிக்கையில் ஒரு நெருக்கம் தோன்றுகிறது. அவர் போட்ட கணக்கு நமக்கு ஒரு வரிகூடப் புரியாது என்பது வேறு விஷயம்.

நம் மனதில் நிற்பவர் அவருடைய மேலதிகாரி எஸ். நாராயண ஐயர். அலுவலகத்தின் தலைமைக் கணக்கர், தாமும் கணிதம் பயின்றவர். முப்பது ரூபாய்க் குமாஸ்தாவோடு மாலை வேளைகளில் பலகையும் பலப்பமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். ராமானுஜன் இரண்டு வரியில் தாவிச் சென்ற இடங்களில், ‘உனக்குத் தெளிவாக இருப்பது மற்றவருக்குத் தெளிவாக இராது, நடுவில் உள்ள படிகளை எழுது’ என்ற பொருளில் வற்புறுத்தினாராம். தமக்குக் கீழே வேலை செய்பவனிடம் ‘எனக்குப் புரியவில்லை, எழுதிக் காட்டு’ என்று சொல்ல அவருக்கு வெட்கமாயில்லை. ராமானுஜன் 1914 மார்ச் 17-இல் இதே சென்னையிலிருந்து கப்பலேறினார். 1919-இல் திரும்பி, அடுத்த ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார்.

அந்த ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் 1993-இல் ராயபுரத்தில், நம் பகுதியிலேயே தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பி.கே. சீனிவாசன் என்ற கணக்கு ஆசிரியர். முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் பாடம் சொன்னவர். 1968-இல் ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் திரட்டி நூலாக்கியவர். 2005-இல் காலமானார். ஜார்ஜ் டவுனுக்குச் சரக்கெடுக்கத் திருவொற்றியூர், ராயபுரம் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கணக்கு நமக்குக் கல்லாவோடு சரி என்றிருந்துவிட்டோம்.

அந்தப் பெண் அடுத்த வாரம் உளுந்து வாங்க வந்தபோது ஒரு புதிர் போட்டாள். “அண்ணாச்சி, நாலே நாலு எடைக்கல்லு வச்சு ஒண்ணுலேர்ந்து நாப்பது வரைக்கும் எல்லா எடையும் போடணும். என்னென்ன கல்லு வேணும்?” ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று வைத்துப் பார்த்தோம்; பதினைந்தோடு நின்றுவிட்டது. “கல்லை ஒரே தட்டுலதான் வைக்கணுமா?” என்று அவளே துப்புக் கொடுத்தாள். விடை: 1, 3, 9, 27. சாமான் தட்டிலும் கல் வைக்கலாம். ஐந்து வேண்டுமென்றால் ஒரு தட்டில் ஒன்பது, சாமானோடு மூன்றும் ஒன்றும். (எடை ஆய்வாளர் எதிரில் மட்டும் செய்து காட்ட வேண்டாம்.) மறுநாள்தான் நினைவுக்கு வந்தது: வீசைக்கு நாற்பது பலம். நாலு கல்லில் ஒரு வீசை முழுவதையும் பலம் பலமாக நிறுத்திருக்கலாம்! இதனால் கல்லாவுக்கு ஒரு காசு வரவில்லை. ஆனால் அன்று கடையில் கூட்டமில்லாத மத்தியானம் முழுவதும் தூக்கம் வராமல் உற்சாகமாக இருந்தோம்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். மாதக் கூட்டத்தில் மனு, தீர்மானம், நன்றியுரை முடிந்த பிறகு அரை மணி நேரம் கணக்குக்கு ஒதுக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே கணக்கு போதும்: தள்ளுபடி, கந்துவட்டி, காம்பொசிஷன், கெட்டுப்போகும் சரக்கின் கழிவு என்று நம் கடைக் கணக்காகவே இருக்கட்டும். சொல்லித்தர வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வேண்டாம். உறுப்பினர்களின் வீட்டில் படிக்கும் மகனோ மகளோ வரட்டும். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் கையைத் தூக்கட்டும். கடையில் பிள்ளைகளைச் சில்லறை எண்ணத்தான் உட்கார வைக்கிறோம்; அன்று ஒரு நாள் அவர்கள் நமக்கு வாத்தியாராக இருக்கட்டும்.

முதல் வகுப்புக்கு அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டோம். அவள் அம்மா சம்மதித்துவிட்டார். கரும்பலகையும் சாக்பீஸும் நம் செலவு.