எல்லாம் போனில் இல்லை

"அதான் எல்லாம் போன்லயே இருக்கே" என்று சொல்லாத ஆளை இன்று காண்பது அரிது. வீடு மாற்றும்போது அப்பாவின் கேசட் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் மகன் சொல்கிறார். சிடி போடும் இடமே இல்லாத புதுக் காரை விற்பவர் சொல்கிறார். இசையைப் பற்றி எழுதிப் பிழைப்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். தட்டு போயிற்று, நாடா போயிற்று, குறுந்தகடும் போயிற்று, ஆனால் பாட்டு எங்கேயும் போகவில்லை, முன்பைவிட அதிகமாகக் கையில் இருக்கிறது என்பது இவர்கள் எல்லோருடைய நம்பிக்கை. இது தவறான நம்பிக்கை. தவறு என்பதோடு, இருப்பதையும் தொலைக்க வைக்கிற நம்பிக்கை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸையும் சந்தோஷ் நாராயணனையும் அடுத்தடுத்துக் கேட்க முடிவது பெரிய விஷயம். எல்.பி. தட்டு வாங்குவதற்கு நடுத்தரக் குடும்பங்களே இரண்டு முறை யோசித்த காலம் ஒன்று இருந்தது. தட்டில்தான் ஒலி 'உயிரோடு' இருக்கும் என்று அடம்பிடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கீறல் விழுந்த எல்.பி.யைவிட ஒழுங்காகத் தயாரித்த சிடி தெளிவாகவே ஒலிக்கும். கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். அரக்குத் தட்டு கை தவறினால் உடையும். அமெரிக்காவில் 2022இல், 1987க்குப் பிறகு முதல்முறையாக, சிடிக்களைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய இளையராஜா எல்.பி.யை வாங்கிச் சுவரில் மாட்டுகிறவரின் கதை வேறு, நான் பேச வந்தது வேறு. ஒரு பாட்டுக்கு எத்தனை படிகள் இருக்கின்றன, அவை யார் யார் கையில் இருக்கின்றன என்பதே என் கேள்வி.

1902இல் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்ததிலிருந்து இந்தியாவில் இசை ஒரு பொருளாக விற்கத் தொடங்கியது. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை விடிய விடிய வாசிக்கும் தோடி, அந்தச் சின்ன இடத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனது. ஏவி.எம். செட்டியார் படம் எடுப்பதற்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸில் இசைத்தட்டு விற்றவர். எல்.பி. வந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963இல் அப்படித்தான் வந்தது. 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதை வசனத்தைத் தட்டாகப் போட்டு, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊருக்கே மனப்பாடம் செய்வித்தார்கள். படம் பார்க்காதவர்கள்கூட சிவாஜியின் மூச்சு எங்கே நிற்கும் என்று அறிந்திருந்தார்கள்.

ஆனால் உண்மையான புரட்சி கேசட்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி, 1980களில் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்குள் நுழைந்தது. தட்டு அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும், அது எச்.எம்.வி. போன்ற சிலரிடமே இருந்தது. கேசட் நகலெடுக்க இரண்டு இயந்திரமும் ஒரு அறையும் போதும். ஆகவே கம்பெனிகள் ஒருபோதும் திரும்பிப் பார்க்காத குரல்கள் எல்லாம் அதில் ஏறின. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து 'வள்ளி திருமணம்' நாடகம், கிராமியப் பாட்டு, தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, வாரியாரின் சொற்பொழிவு, பட்டிமன்றம், கட்சி மாநாட்டுப் பேச்சு, தேர்தலுக்கென்று சினிமா மெட்டில் எழுதிய பிரச்சாரப் பாட்டு, உள்ளூர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊர்க்காரர்கள் காசு போட்டு வெளியிட்ட பக்திப் பாடல்கள். பேப்பரில் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் மறுநாள் ஒரு 90 கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் சட்டவிரோதம் என்பதும் உண்மைதான்.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆப்பில் தேடிப் பாருங்கள். சினிமாப் பாட்டு கிடைக்கும். பெரிய பக்திக் கேசட்டுகள் கிடைக்கும். மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கலாம், பெரும்பாலும் கிடைக்காது. காரணம் மர்மம் ஒன்றுமில்லை. ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒரு பாட்டு ஏற, அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் முன்வர வேண்டும். அவரிடம் மாஸ்டர் டேப் இருக்க வேண்டும். விநியோக நிறுவனத்தோடு அவர் ஒப்பந்தம் போட வேண்டும். 1985இல் கேசட் வெளியிட்ட சிறு கம்பெனி 2000க்குள் மூடிவிட்டது. முதலாளி இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு உரிமை தங்களிடம் இருப்பதே தெரியாது. மாஸ்டர் டேப் கிடங்கோடு போயிருக்கும். அந்தப் பாட்டை ஏற்றுவதற்கு உலகத்தில் ஆளே இல்லை. அது மிஞ்சியிருக்கும் ஒரே இடம், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் கேசட்.

ஆப்பில் இல்லாதது யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை ஏற்றியவர் யார் என்று பாருங்கள். ஏதோ ஒரு ஊரில் ஓய்வுபெற்ற ஒருவர், தன்னிடமுள்ள கேசட்டை கணினியோடு இணைத்து, கோயில் படம் ஒன்றைப் பின்னால் ஒட்டி ஏற்றியிருப்பார். பதிப்புரிமைப் புகார் மூன்று வந்தால் அவருடைய சேனலே நீக்கப்படும், அதோடு அவர் ஏற்றிய அத்தனையும் போகும். நாம் 'நெட்டில் இருக்கிறது' என்று சொல்வதில் கணிசமான பகுதி இப்படித் தனிமனிதர்களின் பொறுமையில் நிற்கிறது. அவர்கள் கையிலும் முதலில் அந்தக் கேசட் இருந்ததால்தான் இது நடந்தது.

சரி, ஆப்பில் இருக்கும் பாட்டாவது நிலையாக இருக்கிறதா? ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரி இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. ஏப்ரலிலேயே சரிகம நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஒத்துவராமல் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், சரிகமவின் பாடல்கள் அந்தத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. சரிகம என்பது பழைய எச்.எம்.வி.தான். தமிழ்த் திரையிசையின் பொற்காலம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பகுதியில் பெரும்பங்கு அதன் கையில் இருக்கிறது. 2020இல் இரு தரப்பும் கைகுலுக்கும்வரை, ஏறத்தாழ ஓராண்டு, அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டியவருக்கு அந்தப் பாடல்கள் கிடையாது. 2023இல் ஜீ மியூசிக்கின் இந்திப் பாடல்களுக்கும் இதே கதி நேர்ந்தது. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. எக்கோ கம்பெனி வெளியிட்ட அவருடைய கேசட்டை வைத்திருந்தவரை எந்தத் தீர்ப்பும் தொடவில்லை, அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் பேச்சு.

சந்தா கட்டி 'டவுன்லோட்' செய்து வைத்தால்? அந்தக் கோப்பு பூட்டிய கோப்பு. ஆப் இல்லாமல் திறக்காது, சந்தா நின்றால் திறக்காது. ரெசோ என்ற இசை ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையை மூடியது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. அதற்குள் வருடக்கணக்காகச் சேர்த்த பட்டியல்கள் என்ன ஆயின என்று பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள். வெளிநாட்டிலும் இதுதான். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றப்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டதாக 2019இல் வெளியே தெரிந்தது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று செய்திகள் வந்தன. தங்கள் பாட்டுக்கு வேறு படி வைத்துக்கொள்ளாத எத்தனையோ சிறு இசைக்குழுக்களின் முதல் பாடல்கள் அதோடு முடிந்தன.

இந்த இடத்தில் 'காலம் மாறும், பழையது கழியும், தட்டு போய் கேசட் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள்' என்ற வாதம் வரும். ஒரு விஷயத்தில் அது சரி. ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு இருந்தது. 78 தட்டுகளில் இருந்தவை எல்லாம் எல்.பி.க்கு வரவில்லை, எல்.பி.யில் இருந்தவை எல்லாம் கேசட்டுக்கு வரவில்லை. விற்கும் என்று தோன்றியதை மட்டுமே கம்பெனிகள் மறுபடி வெளியிட்டன. ஆனால் அப்போதெல்லாம் பழைய படிகள் ஜனங்கள் வீட்டிலேயே தங்கின. மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகள் விலைக்குக் கிடைத்தன. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இலங்கை வானொலியின் நூலகத்தில் இந்தியப் படப் பாடல்களின் தட்டுகள் அடுக்கில் இருந்தன. கம்பெனி மறந்தாலும் ஊர் மறக்க வழியில்லாதபடி ஒரு பாட்டுக்கு ஆயிரம் படி ஆயிரம் வீட்டில் இருந்தது. இப்போது வெளியாகும் பாட்டுக்குக் கேட்பவர் வீட்டில் ஒரு படிகூட இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுக்கிறவர்கள், குழாயில் தண்ணீர் வருகிறதே, ஏரி எதற்கு என்று தூர்த்த ஊர்க்காரர்களின் வாரிசுகள்.

பாட்டோடு சேர்ந்து போனது இன்னொன்று. கர்னாடக இசைக் கேசட்டின் அட்டையைத் திருப்பினால் கீர்த்தனை, ராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று எல்லாம் இருக்கும். இசை படித்திராதவர்கள் பலர் ராகப் பெயர்களைக் கற்றுக்கொண்டது அந்த அட்டைகளில்தான். திரைப்பட எல்.பி.யில் பாடலாசிரியர் பெயர் பாட்டுக்குப் பாட்டு இருக்கும். (வாத்தியக்காரர்களின் பெயர் அதிலும் இருக்காது. அந்த அநீதிக்கு வயது அதிகம்.) ஆப்பில் இப்போது என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு தலைப்பு, ஒரு பெயர். வயலின்காரர் காணாமல் போய்விட்டார். ஒரே பெயரில் வந்த இரண்டு படங்களின் பாட்டு ஒன்றாகக் கலந்து கிடக்கும். படம் வந்த ஆண்டுக்குப் பதிலாக, கம்பெனி ஏற்றிய ஆண்டு இருக்கும். பத்து வருடம் கழித்து ஒருவர் தமிழ்த் திரையிசை வரலாற்றை இந்தத் தளங்களை நம்பி எழுதினால் கண்ணதாசன் 2015இல் பாட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

கலைஞருக்குப் பணம் போகிறதே என்று ஒரு சமாதானமும் உண்டு. ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. அனிருத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நாதஸ்வர வித்வான் தன் வாசிப்பை ஏற்றி, அதை உண்மையாக நேசிக்கும் முந்நூறு பேர் ஆளுக்கு ஒரு முறை கேட்டால், அவருக்கு ஒரு பைசா இல்லை. அதே முந்நூறு பேர் கச்சேரி முடிந்ததும் ஆளுக்கொரு சிடி வாங்கிய காலத்தில், அன்றைக்கே அவர் கையில் பணம் இருந்தது. மார்கழியில் சபா வாசலில் மேசை போட்டு சிடி விற்றதைக் கண்டு முகம் சுளித்தவர்கள், அது யாருக்குச் சோறு போட்டது என்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஒரு வேடிக்கை. 2017இல் சரிகம நிறுவனமே ஐயாயிரம் பாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து, திருகும் குமிழ் வைத்து, 'கேரவான்' என்று விற்றது. சினிமாப் பாட்டு இலவசமாகப் போனில் கிடைக்கிற காலத்தில் அது அமோகமாக விற்றது. இசையைக் கையில் பிடிக்கும் பொருளாக வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இல்லை என்பவர்களுக்கு அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகமே பதில். என்ன, எந்த ஐயாயிரம் என்பதையும் கம்பெனியே முடிவு செய்தது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் நிலைமையின் கோணல் முழுதாகத் தெரியும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் படியும் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்துப் பேர் படித்த கவிதைத் தொகுப்புக்கும் இது பொருந்தும். கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. இன்னொரு பக்கம், பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை அது வெளியானதிலிருந்து அறுபது ஆண்டுகள் மட்டுமே. 1950களின் ஒலிப்பதிவுகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது (எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு கணக்கு). அதாவது அந்த ஒலிப்பதிவுகள் பொதுச்சொத்து. ஆனால் தட்டு கையில் இருப்பவர்தான் அந்தப் பொதுச்சொத்தை அனுபவிக்க முடியும். தட்டை எடைக்குப் போட்டுவிட்டு ஆப்பில் கேட்பவர், தனக்கே சொந்தமானதை வாடகைக்குக் கேட்கிறார்.

ஆகவே கேட்பது இரண்டு. புத்தகத்துக்கு உள்ள கட்டாயம் ஒலிப்பதிவுக்கும் வர வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் பூட்டில்லாத ஒரு கோப்பை, பாடியவர், எழுதியவர், வாசித்தவர் விவரத்தோடு பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தமிழக அரசு மத்திய அரசுக்காகக் காத்திராமல் கன்னிமாராவிலேயே இதைத் தொடங்கலாம். மற்றது உங்களுக்கு. பரணில் கேசட் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். சினிமாப் பாட்டு கேசட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு வேறு படிகள் உண்டு. உள்ளூர் நாடகம், கோயில் பாட்டு, கூட்டத்துப் பேச்சு, பெயரே கேள்விப்படாத கம்பெனியின் லேபிள் என்று எது இருந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். காந்தப் பூச்சு உதிர்வதற்குள் ஒரு படி எடுத்து, அட்டையின் இரு பக்கத்தையும் படம் பிடித்து, ஊரில் சேகரிக்கும் ஒருவரிடமோ ஒரு ஆய்வு நூலகத்திடமோ கொடுங்கள். உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே படி அதுவாக இருக்கலாம்.