தொட்டிலும் தராசும்

வறுமையை நிறுப்பதற்கு அரசாங்கம் ஒரு தராசை வைத்திருக்கின்றது. கடலுக்குப் போகும் தந்தை, கருவாடு காயவைக்கும் தாய், பாயிற் கிடக்கும் கிழவி, தொட்டிலிற் கிடக்கும் குழந்தை, வீட்டுக் கூரை, மின்கட்டணப் பட்டியல் ஆகிய யாவும் அதன் தட்டில் ஒருசேர ஏற்றப்பட்டு, முடிவில் ஓர் எண்ணாகக் குறுகிவிடுகின்றன. அந்த எண்ணுக்குள் குழந்தை எங்கே இருக்கின்றது என்று கேட்பாரில்லை. குழந்தையைப் பராமரிப்பதற்கென ஒரு குடும்பம் பெறும் வாய்ப்பு, அக்குடும்பம் பெறும் பிற உதவியைப் பறிக்கலாகாது என்னும் எளிய நியாயங்கூட இந்நாட்டின் நலன்புரிச் சிந்தனையில் இன்னும் வேரூன்றவில்லை.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையிலுள்ள தாழ்வுபாடு கடலை நம்பிய ஊர். சோளகம் பலமாக வீசுங் காலத்தில் அக்கரையில் தொழில் தளரும். காற்று மாறினால் வருமானமும் மாறும். இத்தகைய ஊர்களில் மாதவருமானம் என்று ஒரு தொகையைப் படிவத்தில் எழுதுவதே பாதி கற்பனை. மீன் வெட்டுதல், உப்பிடுதல், உலர்த்துதல், வலையிற் சிக்கிய நண்டைக் கழற்றுதல் என்று பெண்கள் செய்யும் வேலையோ பல வேளைகளில் வேலையென்றே எழுதப்படுவதில்லை. அவ்வேலைக்குத் தாய் செல்லும்போது குழந்தையைப் பார்ப்பவள் அம்மம்மா. அம்மம்மா இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை. அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முன்பள்ளி இருக்கின்றதே என்பர். முன்பள்ளி நண்பகலோடு கலைந்துவிடுகின்றது. வாடியில் வேலை அவ்வாறு கலைவதில்லை.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் அது தூசி தட்டப்பட்டு, 2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் ‘அஸ்வெசும’ வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் நான்கு படிகளில் நிறுத்தப்பட்டன. அப்பொழுது அப்படிகளுக்குரிய மாதாந்தத் தொகைகள் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. கடைசி இரண்டும் 2025 சனவரியில் 10,000, 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டன. நுகரும் மின்சாரமும் குறிகாட்டிகளுள் ஒன்று. ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள் சுழலும் அதே தெற்குக் கரையில் வாழும் ஏழை, தன் வீட்டு மின்விளக்குக்காக வறுமைப் புள்ளியை இழக்கக்கூடும் என்பது இத்திட்டத்தை வகுத்தோரின் நகைச்சுவை உணர்வைக் காட்டுகின்றது போலும்.

படி என்பதே இங்குள்ள இடர். மிக வறிய படியில் நிற்கும் ஒரு குடும்பத்தை எண்ணுக. குழந்தையைப் பகற் பராமரிப்பில் விட்டுத் தாய் வேலைக்குச் செல்கின்றாள். வீட்டுக்குள் சிறிது பணம் வருகின்றது. அடுத்த மீளாய்வில் அக்குடும்பம் ஒரு படி கீழிறக்கப்படுமாயின், 2025இன் கணக்குப்படி மாதம் 7,500 ரூபா போய்விடும். பராமரிப்புக்குக் கொடுக்கும் கட்டணம் வேறு. அவள் உழைத்தது இவ்விரண்டையும் ஈடுசெய்து மிஞ்சுமா என்பதைத் தாழ்வுபாட்டுத் தாய் விரல்விட்டு எண்ணி முடித்துவிடுவாள். அதற்குப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. பின்னர் அவள் வேலைக்குப் போகாதிருந்தால், அதனைச் சோம்பல் என்றும் தங்கிவாழும் மனப்பான்மை என்றும் மேடைகளிற் கண்டிப்பதற்கு மட்டும் ஆட்குறைவில்லை.

இத்தவறு புதியதன்று. அரிசிப் பங்கீட்டின் இடத்தில் 1979இல் உணவு முத்திரை கொண்டுவரப்பட்டபோது, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபா, பன்னிரண்டு வயதுவரை 20 ரூபா, மூத்தோருக்கு 15 ரூபா என்று வகுத்தனர். பிள்ளைக்கே கூடிய பங்கு என்ற அளவில் அது அறிவுடைய ஏற்பாடே. ஆனால் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாத வருமானம் 300 ரூபா என்று கோடு கிழித்து, கோட்டுக்கு மேற்பட்ட வீட்டின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றனர். முத்திரையின் மதிப்பு நின்ற இடத்திலேயே நிற்க, விலைவாசி ஏறிச்சென்றது. வறியோருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உதவிக்காகக் குரல்கொடுக்க வலிமையுள்ளோர் எவரும் இருக்கவில்லை.

செல்வம் மிக்க நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதுவோர் பிரித்தானியாவைப் பார்க்கலாம். அங்கே பராமரிப்புச் செலவில் எட்டுப் பவுணுக்கு இரண்டு பவுண் அரசு சேர்க்கும் ஒரு திட்டம் உண்டு. யூனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பம் அதில் இணைந்தால் முன்னையது நின்றுவிடும். வாடகைக்கான உதவியும் அதனுள் அடங்கியிருப்பின் அதுவுங்கூடப் போகும். 2013இல் விதிக்கப்பட்ட உதவித்தொகை உச்சவரம்பிலோ குழந்தைக்கான கொடுப்பனவும் சேர்த்தே எண்ணப்படுகின்றது. இலண்டனிற் குடியேறிய தமிழ்க் குடும்பமும் படிவத்தை நிரப்புமுன் எதை எடுத்தால் எது போகும் என்று கணக்குப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

வங்குரோத்தான அரசு எல்லோருக்கும் கொடுக்க இயலாது. ஆகவே மிக வறியோரைத் தேர்ந்தே கொடுக்கவேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வாதத்திலே வலுவில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் 2023இல் தெரிவுப் பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தமை, அந்தத் தேர்வு எவ்வளவு செம்மையானது என்பதைக் காட்டிவிட்டது. மேலும், 1945 முதல் இலவசக் கல்வியும், 1980 முதல் இலவசப் பாடநூலும் பெற்ற பிள்ளையிடம் உன் வீட்டுக் கூரை ஓடா, ஓலையா என்று எவரும் கேட்டதில்லை. அவற்றால் நாடு வங்குரோத்தாகிவிட்டது என்று கூறத் துணிபவர், தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கு யார் பணம் செலுத்தினர் என்பதையும் கூடவே சொல்லட்டும்.

கேட்கப்படுவது அதிகமன்று. சிறுபிள்ளையின் பராமரிப்புக்கென வரும் எந்த உதவியும், பணமாயினும் முன்பள்ளிக் கட்டணச் சலுகையாயினும், குடும்பத்தின் புள்ளிக் கணக்கிற் சேர்க்கப்படலாகாது. குழந்தை பாடசாலை செல்லும் வயதை எட்டும்வரை தாயின் புதிய உழைப்பும் அக்கணக்குக்குப் புறம்பாக நிற்றல் வேண்டும். படிகளுக்கிடையிலுள்ள பள்ளம் ஒரே மாதத்தில் விழுங்கும் குழியாக இராது, சிறிது சிறிதாக இறங்கும் சரிவாக மாறவேண்டும்.

பிள்ளைகளை எவ்வாறு இனங்காண்பது என்ற கேள்விக்கு விடை தேடிக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. 1973 முதல் திரிபோஷ கொடுத்துவரும் கிளினிக்கிலே தாய்மாரின் பதிவும் பிள்ளைகளின் நிறைப் பதிவும் இருக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று எழுதிய ஏடு அது. எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை இருக்கின்றது என்பதை 22 கேள்விகள் கேளாமலே அது சொல்லும்.