காப்பீடு காக்காத பயணம்

நள்ளிரவு கடந்த வேளையில், விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். காயத்தைத் துடைத்து, நாடி பார்த்து, விபத்துப் பதிவேட்டை எழுதத் தொடங்கும்போது, உடன் வந்த மனைவியோ அண்ணனோ அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்: "டாக்டர், குடித்திருந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கிடைக்காமல் போய்விடும்." இராஜபாளையம் சாலையிலும் திருநெல்வேலி சாலையிலும் அடிபட்டவர்கள் வந்து சேரும் சங்கரன்கோவிலில், மருத்துவர் எவருக்கும் இக்குரல் புதிதன்று.

அவ்வேண்டுகோளை நாங்கள் ஏற்பதில்லை. அதன் காரணத்தை அந்த நேரத்தில் பொறுமையாக விளக்க இயலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதற்காரணம் மருத்துவம். தலைக்காயத்தால் வந்த மயக்கத்தையும் மதுவால் வந்த மயக்கத்தையும் பிரித்தறிவது எளிதன்று. அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்னும் அவர் குடித்திருந்தாரா என்பது தெரிந்தாக வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்ததும் குடி சட்டென்று நின்றுபோகிறது. இரண்டு மூன்று நாள்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். முன்பே தெரிந்திருந்தால் மருந்தால் தடுக்கலாம். உண்மையைச் சொன்னதற்காகச் சிகிச்சை மறுக்கப்படாது. மறைத்தால்தான் சிகிச்சை தவறக்கூடும்.

இரண்டாம் காரணம், மறைப்பது பொய்ச்சான்று என்பதாகும். மருத்துவரின் ஒரு வரிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. 2007 டிசம்பரில் தில்லி இந்தியா கேட் அருகே விலையுயர்ந்த கார் ஒன்று மோதித் தீப்பற்றியது. ஓட்டியவரிடம் மூச்சுப் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ நடைபெறவில்லை. மருத்துவ அறிக்கையில் மது வாடை வீசியதாக மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. அக்குறிப்பையும் விபத்து நிகழ்ந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்த உச்ச நீதிமன்றம், காருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது சரியே என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

மது அருந்தி ஓட்டியவருக்குக் காப்பீடு என்னென்ன தரும் என்பதைக் குடும்பத்தார் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அவருடைய வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. வண்டி உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது அவருடைய உயிருக்காக எடுக்கப்படும் 15 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் குடிபோதையில் நேர்ந்த விபத்துக்குப் பொருந்தாது. அவரால் அடிபட்ட வழிப்போக்கருக்கோ, அக்குடும்பத்துக்கோ நிறுவனம் முதலில் இழப்பீடு செலுத்துமாறு நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஆணையிட்டுள்ளன. ஆனால் செலுத்திய தொகையை வண்டியின் உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளும் உரிமையையும் நிறுவனத்துக்கு வழங்குகின்றன. காரை இரவல் கொடுத்த மைத்துனர் அன்று ஒரு சொட்டும் குடிக்காதவராக இருந்தாலும், அவருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் தறிக்கும் ஆபத்து வரலாம்.

சில மாதங்கள் கழித்து, கட்டுப் பிரிக்க வரும் அதே குடும்பத்தார் வேறொரு கேள்வியைக் கேட்பர். இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமமும் இடைநிறுத்தப்படும். "இப்படித் தண்டனை பெற்றவரின் காருக்கு இனி இன்சூரன்ஸ் தருவார்களா?" என்பதே அக்கேள்வி.

தருவார்கள், பெரும்பாலும் பழைய விலைக்கே தருவார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியம் வண்டியின் வகையையும் எஞ்சின் திறனையும் பொறுத்து அரசால் நிர்ணயிக்கப்படுகிறது. ஓட்டுபவரின் நடத்தையைப் பொறுத்தன்று. இழப்பீடு கோராதவருக்குரிய தள்ளுபடிகூடக் குறையாமல் கிடைக்கும். அமெரிக்காவில் இத்தகைய தண்டனை பெற்றவரின் பிரீமியம் பல ஆண்டுகளுக்கு உயர்ந்தே நிற்கும். நம் நாட்டிலும் 2021இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு, போக்குவரத்து விதிமீறலுக்கேற்பப் பிரீமியத்தை உயர்த்தப் பரிந்துரைத்தது. தவறான இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு 10 புள்ளி என்றால் குடித்து ஓட்டியதற்கு 100 புள்ளி என வகுத்தது. அது நடைமுறைக்கு வருவது நன்று என்பதே என் கருத்து. எச்சரிக்கை செய்யாமல் புதுப்பித்துத் தரப்படும் காகிதம் குடும்பத்துக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது. அவர் மீண்டும் குடித்து ஓட்டும் அன்று அக்காகிதம் அவரைக் காக்காது. உரிமம் இடைநிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டினாலும் இதே நிலைதான்.

அதுவரை குடும்பத்தார் காத்திருக்க வேண்டியதில்லை. குடித்திருப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருடன் ஏறவும் செய்யாதீர்கள். இக்குற்றத்துக்குத் துணைநிற்பவரையும் தண்டிக்கச் சட்டத்தில் 188ஆம் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டனையை அவமானமாகக் கருதி மூடி மறைக்காமல், நோயின் அறிகுறியாகக் கருதுங்கள். குடிநோய்க்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. நெடுநாள் குடித்தவர் மருத்துவ மேற்பார்வையின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்து, அழைத்து வாருங்கள். தயங்குவோர் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பிரீமியம் கட்டும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். குடிநோய்க்கு மருத்துவரைப் பார்க்கும் நாளையும் அதனருகே குறித்து வையுங்கள். அடுத்த முறை விபத்துப் பதிவேட்டில் உங்கள் வீட்டார் பெயரை எழுதும் நிலை எங்களுக்கு வரவேண்டாம்.