அதியமான்கோட்டை தொழிற்பூங்கா: மனை ஒதுக்கும் முன் கழிவுக் கணக்கு வேண்டும்

தருமபுரி மாவட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம், அதகப்பாடி, பாலஜங்கமனஅள்ளி ஊர்களை உள்ளடக்கி அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்கா அமைகிறது. இவ்வட்டார விவசாயிகளும் சிறுதொழில் நடத்துவோரும் சேர்ந்த எங்கள் அமைப்பு அதை வரவேற்கிறது. ஆனால், எந்த ஆலைக்கும் மனை ஒதுக்கும் முன், அது எதை உள்ளே கொண்டுவரும், எதை வெளியே தள்ளும், தள்ளுவதை யார் வாங்கிக்கொள்வார் என்ற கணக்கு மக்கள் பார்வைக்கு வரவேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

ஓர் ஆலையின் கழிவு இன்னோர் ஆலைக்கு மூலப்பொருளாவதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேட வேண்டியதில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள அரசின் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சக்கையை எரித்துவந்த சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளில் நீராவி கிடைக்க வழிசெய்து, அதற்கு ஈடாகச் சக்கையைப் பெற்றது. காகித ஆலையின் சுண்ணாம்புக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் அங்கேயே சிமென்ட் ஆகின்றன. ஈரோடு பகுதியில் பொன்னி சர்க்கரை ஆலையின் சக்கை சேஷசாயி காகித ஆலைக்குப் போகிறது. காகித ஆலையில் சுத்திகரித்த நீர் கரும்பு வயலுக்குப் பாய்கிறது. நீண்டகால ஒப்பந்தமும் இருதரப்புக்கும் கட்டுப்படியாகும் விலையும் இருந்தால்தான் இத்தகைய ஏற்பாடு நிலைக்கும்.

எங்கள் மாவட்டத்திலும் இதற்கான பொருள்களும் சாலை வசதியும் உண்டு. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஓசூர் தொழிற்பகுதியிலிருந்து பாலக்கோடு வழியாக வரும் நெடுஞ்சாலை அதியமான்கோட்டையில்தான் சேலம் சாலையைத் தொடுகிறது. மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைகளின் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. அவற்றின் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் முறை சேலம் வட்டாரத்தில் பழகிப்போனது.

எங்களிடம் இல்லாதது தண்ணீர். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கக் காவிரியை நம்பும் மாவட்டத்தில் ஆலைக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதை ஏற்க மாட்டோம். சென்னையில் 2019 முதல் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வரை கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து ஆலைகளுக்கு வழங்கும் வசதி இருக்கிறது. தருமபுரி நகரக் கழிவுநீரையும் அப்படிப் பயன்படுத்தலாம்.

மறுபயன்பாடு என்ற பெயரில் நச்சு கைமாறக் கூடாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானபின், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே சாயநீரிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. இங்கே அந்த ஏற்பாடு முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கோருவது:

1. ஒவ்வோர் ஆலையின் மூலப்பொருள், நீர், கழிவுக் கணக்கைச் சிப்காட் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட்டு, ஊராட்சி அலுவலகங்களிலும் வைக்க வேண்டும்.

2. கொடுக்கும் ஆலைக்கும் வாங்கும் ஆலைக்கும் அடுத்தடுத்து மனை தரவேண்டும். நீராவிக்கும் சுத்திகரித்த நீருக்கும் பொதுக் குழாய்ப்பாதை ஒதுக்க வேண்டும்.

3. உற்பத்திக்குச் சுத்திகரித்த நகரக் கழிவுநீர் மட்டுமே வழங்கப்பட வேண்டும்.

4. திப்பிக்கும் சக்கைக்கும் பெரிய ஆலைகள் போட்டியிட்டால் விலை ஏறும். இப்போது திப்பி வாங்கும் மாடு வளர்ப்போருக்கு ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்ய வேண்டும்.

5. அபாயகரக் கழிவை இன்னொரு தொழிலில் பயன்படுத்த, 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கட்டாயம். எந்த ஆலைக் கசடையும் பரிசோதிக்காமல் உரமென்று வயலில் கொட்டக் கூடாது.

ஆலைகள் எழுந்தபின் குழாய்ப்பாதைக்கு இடம் தேடினால் செலவு பன்மடங்காகும். மனைகள் காலியாக உள்ளபோதே அரசு இதை முடிவுசெய்ய வேண்டும். சுற்றுவட்டார ஊராட்சிகள் அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.